பாடாத வாக்மேனைப் பாட வைப்பது: பெல்ட் முதலில், வேகத் திருகு கடைசியில்

பரணில் கிடந்த வாக்மேனுக்குப் புது பேட்டரி போட்டு பிளேயை அமுக்கினால், உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம் சன்னமாகக் கேட்கிறது, கேசட் மட்டும் அசையவில்லை. நல்ல சகுனம். மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, போர்டுக்கு மின்சாரம் போகிறது, செத்தது பெரும்பாலும் பெல்ட் மட்டும்தான். பழைய பொருள் விற்பவர்களிடம் "மோட்டார் ஓடுது, பாடல" என்று வரும் செட்டைத் துணிந்து வாங்கலாம். "டெஸ்ட் பண்ணல" என்று வந்தால், பேட்டரி அறையின் படத்தைப் பார்த்த பிறகு பேரம் பேசுங்கள்.

சோனி 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் 33,000 யென்னுக்கு விற்பனைக்கு விட்ட டிபிஎஸ்-எல்2தான் முதல் வாக்மேன். அதற்குப் பிறகு அய்வா போட்டதும் பானசோனிக் போட்டதும், பர்மா பஜாரில் கிடைத்த பெயர் தெரியாத சரக்கும்கூட நம் ஊரில் வாக்மேன்தான். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த மாமாவின் பெட்டியில் இருந்து வெளிவரும். ஆரஞ்சு ஸ்பாஞ்சு வைத்த ஹெட்போனைத் திருப்பிப் பிடித்து ஆளுக்கொரு காதாகக் கேட்பார்கள். அந்தத் தலைமுறைக்கு இப்போது கையில் காசு இருக்கிறது, அடுத்த தலைமுறைக்கு அதை இடுப்பில் மாட்டித் திரிவது ஸ்டைலாக இருக்கிறது. ஆனால் அலமாரியில் அழகுக்கு வைப்பதற்கும் பாட வைப்பதற்கும் நடுவில் அந்த பெல்ட் என்கிற ஒரு சின்ன ரப்பர் வளையம் நிற்கிறது.

இங்கே மேசையில் இருப்பது எண்பதுகளின் கடைசியில் வந்த ஜப்பானியச் செட். இரண்டு ஏஏ பேட்டரி, ஒற்றை பெல்ட், கேசட்டைத் திருப்பாமலே மறுபக்கம் பாடும் ஆட்டோ ரிவர்ஸ் கிடையாது. முதல் தடவை கை வைப்பவர்கள் இப்படிப்பட்டதையே தேர்ந்தெடுங்கள். ஆட்டோ ரிவர்ஸ் என்றால் டேப்பை இழுக்கும் ஊசியான கேப்ஸ்டன் இரண்டு, அதைச் சுழற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் இரண்டு, பெல்ட் போகும் பாதை வளைந்து வளைந்து போகும். அதைப் படம் பிடிக்காமல் கழற்றினால் பாதி ராத்திரி போய்விடும். சோனியின் டிடி வரிசை செட்டுகளில் நடுவில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் வயதானால் விரிசல் விட்டு 'டக் டக்' என்று தட்டும். கேட்க அருமையான செட்டுகள்தான், ஆனால் பழகும் கைக்கு அவை வேண்டாம்.

பேட்டரி அறை

திருகுப்புளியை எடுக்கும் முன்பே பார்க்க வேண்டிய இடம் இது. கசிவு இருந்தால் எந்த வகை பேட்டரி கசிந்தது என்று முதலில் தெரிய வேண்டும், ஏனென்றால் மருந்து வேறு வேறு. ஆல்கலைன் பேட்டரியிலிருந்து வருவது காரம். காற்றுப் பட்டு வெள்ளைப் பொடியாகப் படிந்திருக்கும். அதற்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு, பட்ஸ் நுனியில் தொட்டு வைத்தால் லேசாக நுரைக்கும். நம் வீட்டு டார்ச்சிலும் ரேடியோவிலும் போட்ட மலிவான சிவப்பு பேட்டரிகள் பெரும்பாலும் துத்தநாக-கார்பன் வகை. அவை கக்குவது அமிலத் தன்மையுள்ளது, ஸ்பிரிங்கைத் துருப்பிடித்த பழுப்பாக்கி வைக்கும். அதற்கு ஆப்ப சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும். எதைப் போட்டாலும் பிறகு தண்ணீர் நனைத்த பட்ஸால் துடைத்து, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றை அப்படியே விட்டால் கசிவு தின்றது போக மீதியை அது தின்னும்.

ஸ்பிரிங்கின் நிக்கல் பூச்சு போய் உள்ளே இரும்பு தெரிந்தால் 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஈயம் பூசிவிடலாம். தொடுமுனை பார்க்க நன்றாக இருந்தும் செட் செத்துக் கிடந்தால், ஸ்பிரிங்கின் வால் போர்டில் சேரும் இடத்தை மல்டிமீட்டரால் பாருங்கள். கசிந்த திரவம் ஒயருக்குள் ஏறி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே பச்சையாக அரித்திருக்கும்.

திறப்பது

ஜப்பானியச் செட்டுகளின் திருகுத் தலையில் உள்ள சிலுவைப் பள்ளம் ஜேஐஎஸ் என்கிற ஜப்பானியத் தர அளவு. சாதாரண பிலிப்ஸ் முனை அதில் முழுசாக உட்காராது. அழுத்தித் திருகினால் வழுக்கி மேலே வந்து பள்ளத்தை மழுக்கிவிடும். ஜேஐஎஸ் முனை உள்ள 0, 00 அளவு திருகுப்புளி இரண்டு போதும். ஒரு வெள்ளைத் தாளில் செட்டின் உருவத்தை வரைந்து, கழற்றிய திருகை அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். நீளமான திருகைக் குட்டையின் இடத்தில் போட்டு முடுக்கினால் முகப்பில் பரு மாதிரி புடைத்துக்கொண்டு வரும், சில நேரம் போர்டையே குத்திவிடும். பேட்டரி அறைக்குள்ளும் கேசட் கதவுக்கு அடியிலும் திருகு ஒளிந்திருக்கும். மூடி வரவில்லை என்றால் இன்னும் ஒரு திருகு பாக்கி என்று அர்த்தம், பலம் போதவில்லை என்று அல்ல. 35 வருஷத்து பிளாஸ்டிக் வளையாது, ஒடியும்.

மூடியைத் தூக்கும்போது இழுக்காமல் புத்தகம் திறப்பதுபோல் சாய்த்துப் பாருங்கள். ஒயரோ ரிப்பன் கேபிளோ இரண்டு பக்கத்தையும் பிணைத்திருக்கும்.

கறுப்புப் பிசின்

திறந்ததும் தெரிந்த காட்சி எதிர்பார்த்ததுதான். பெல்ட் இருந்த இடத்தில் தாராக உருகிய ஒரு கோடு, ஃப்ளைவீலின் விளிம்பு முழுக்க அப்பியிருக்கிறது. பெல்ட்டுகள் இரண்டு விதமாகச் சாகின்றன. சாதாரண ரப்பர் பெல்ட் இறுகித் தொய்ந்து போகும். எடுத்து எறிந்தால் வேலை முடிந்தது. பாலியூரித்தேன் பெல்ட் காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து, அதன் சங்கிலிப் பிணைப்புகள் அறுந்து, பிசினாகிவிடும். கடலோர ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும்.

இந்தப் பிசின் சட்டையில் பட்டால் போகாது. கையுறை போட்டு, பழைய செய்தித்தாள் விரித்து, முதலில் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்கள். ஆல்கஹாலை ஊற்றிக் கரைக்க ஆரம்பித்தால் அது மெலிந்து பரவி பேரிங்குக்குள் இறங்கும். பெரிய மொத்தையெல்லாம் போன பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் தொட்ட பட்ஸ். கை கழுவும் சானிடைசரில் கிளிசரின் இருக்கும், அது வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கத்திலேயே வரக்கூடாது. அசிட்டோன் பட்ட பிளாஸ்டிக் இளகிப் பாழாகிவிடும்.

ஃப்ளைவீலைக் கழற்றினால் துடைக்க வசதி. அதன் அச்சில் மெல்லிய பிளாஸ்டிக் வாஷர் ஒன்று, சில செட்டுகளில் இரண்டு, இருக்கும். எண்ணெய்ப் பசையில் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டு வந்து மேசைக்கடியில் விழுந்துவிடும், கவனம். மேல் கீழ் வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி இந்த வேலையிலேயே முக்கியமான இடத்துக்கு வருகிறோம்: மோட்டாரின் தலையில் உள்ள குட்டிக் கப்பி. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும், ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பள்ளத்தில் பழைய பிசின் வளையமாக இறுகியிருக்கும். விட்டால் என்ன ஆகும்? கப்பியின் விட்டம் 3 மில்லிமீட்டர், பெல்ட்டின் தடிமன் 0.8 என்று வையுங்கள். பெல்ட்டின் நடுக்கோடுதான் கணக்கில் வரும் என்பதால் ஓடுகிற விட்டம் 3.8. பள்ளத்தில் 0.1 மில்லிமீட்டர் பிசின் படிந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து விட்டம் 4.0 ஆகிறது. வேகம் 5 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. சங்கீதக் கணக்கில் 6 சதவீதம் என்பது அரைக் கட்டை. பாடகர் ஏறக்குறைய அரைக் கட்டை ஏற்றிப் பாடுவார், அதுவும் பிசின் ஒரே சீராகப் படியாததால் சுருதி அலைந்துகொண்டே. புது பெல்ட் போட்டும் குரல் கீச்சென்று வருகிறது என்று புலம்புகிற பல செட்டுகளில் குற்றவாளி இந்தக் கப்பிதான். பருத்தி நூலை ஆல்கஹாலில் நனைத்துக் கப்பியைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து மாற்றி மாற்றி இழுத்தால் பள்ளம் பளபளவென்று வரும். ஊசியால் சுரண்டாதீர்கள், பித்தளையில் கீறல் விழும்.

பெல்ட் அளவு

பழைய பெல்ட் முழுசாகக் கிடைத்தால்கூட அதை அளக்க வேண்டாம், அது தொய்ந்த அளவு. நூலைக் கப்பிகளைச் சுற்றி பெல்ட் போகும் பாதையில் விட்டு, ஒன்று சேரும் இடத்தில் பேனாவால் குறித்து, நீட்டி அளங்கள். அதில் 5 சதவீதம் கழித்தால் வாங்க வேண்டிய சுற்றளவு. பாதை 200 மில்லிமீட்டர் என்றால் பெல்ட் 190. கடைக்காரர் விட்டம் கேட்டால் 190-ஐ 3.14-ஆல் வகுத்து 60.5, தட்டையாக அமுக்கிய நீளம் கேட்டால் 95. ஒரே பெல்ட்டுக்கு மூன்று எண்கள், எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டு உறுதி செய்யாவிட்டால் தப்பான பாக்கெட் வரும்.

தடிமனில் விளையாடக் கூடாது. மேலே சொன்ன கணக்குதான்: 3 மில்லிமீட்டர் கப்பி, 30 மில்லிமீட்டர் ஃப்ளைவீல் உள்ள செட்டில் 0.8 தடிமனுக்குப் பதில் 1.0 போட்டால் வேகம் நாலரை சதவீதம் எகிறும், ஏனென்றால் கூடுதல் தடிமன் சின்னக் கப்பியில் பெரிய பங்கு, பெரிய சக்கரத்தில் ஒன்றுமில்லை. நீளம் ரொம்பக் குறைவாக இருந்தால் வேறு கஷ்டம். பெல்ட் இறுக்கி மோட்டாரின் புஷ்ஷை ஒரு பக்கமாகத் தேய்க்கும், பேட்டரி சீக்கிரம் தீரும், ஒலி நடுங்கும். ரப்பர் பேண்டு போட்டு ஓட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மற்ற பாகங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கப் போடலாம். பாட்டு கேட்கப் போடக் கூடாது. அதன் குறுக்குவெட்டு எங்கும் ஒரே அளவில் இல்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் குரல் ஒரு தடவை அழும். குழாய்களில் போடும் ரப்பர் ஓ-ரிங்கும் வேண்டாம், அது போதுமான அளவு நீளாது.

சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கலந்த அளவு பெல்ட் பாக்கெட் கிடைக்கும், இணையத்திலும் உண்டு. அதில் சதுர வெட்டு, தட்டை இரண்டும் கலந்திருக்கும். கப்பியில் பள்ளம் இருந்தால் சதுரம், நடுவில் லேசாகப் புடைத்த மழமழப்பான கப்பி என்றால் தட்டை. புது பெல்ட்டை மாட்டும் முன் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு தடவை இழுத்துத் துடையுங்கள், விரல் எண்ணெய் பட்டாலே வழுக்கும். முறுக்கிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று ஃப்ளைவீலைக் கையால் பத்து சுற்று சுற்றிப் பாருங்கள்.

ரோலர், ஹெட், எண்ணெய்

டேப்பை நிமிஷத்துக்கு நிமிஷம் ஒரே வேகத்தில் இழுப்பது சக்கரங்கள் அல்ல. கேப்ஸ்டன் என்கிற எஃகு ஊசிக்கும் பிஞ்ச் ரோலர் என்கிற ரப்பர் உருளைக்கும் நடுவில் டேப் நசுங்கி, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர்கிறது. 1963-இல் பிலிப்ஸ் கேசட்டை அறிமுகப்படுத்தியதிலிருந்து அந்த வேகம் மாறவே இல்லை. ரோலர் கண்ணாடியாக மின்னினால் பிடிமானம் போய்விட்டது. சோப்புத் தண்ணீர் தொட்ட பட்ஸால் பழுப்பு நிறம் வருவது நிற்கும் வரை உருட்டித் துடையுங்கள்; ஆல்கஹால் அளவோடு போதும், அடிக்கடி போட்டால் ரப்பரைக் காய வைக்கும். நகத்தால் அமுக்கினால் கொஞ்சம்கூடக் கொடுக்காத ரோலரை மாற்றித்தான் ஆக வேண்டும்: வெளி விட்டம், அகலம், துளை மூன்றையும் வெர்னியரில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தேய்ந்து கூம்பாகிப் போன ரோலர் டேப்பை மேலேயோ கீழேயோ தள்ளி, ஓரத்தைச் சுருக்கிவிடும். ஒரு பக்கக் காதில் மட்டும் ஒலி வந்து வந்து போனால் இதையும் சந்தேகப்படுங்கள்.

டேப்பில் உள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டை ஆல்கஹாலால் துடைப்பது தெரிந்த விஷயம். அதன் பக்கத்தில் உள்ள, பெயின்ட் சொட்டு வைத்த சின்னத் திருகு ஹெட்டின் சாய்வுக்கானது. பெயின்ட் உடையாமல் இருந்தால் தொடாதீர்கள். காந்தமேறிய திருகுப்புளியையும் ஹெட் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

எண்ணெய் கேப்ஸ்டன் பேரிங்கில் ஒரே ஒரு துளி, தையல் மெஷின் எண்ணெய், ஊசி நுனியில் எடுத்தது. அதற்கு மேல் போனால் அது பெல்ட்டையும் ரோலரையும் தேடிப் போகும். டபிள்யூடி-40 எதற்கும் வேண்டாம். பட்டன்களின் கீழே நகரும் தகடுகளில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தால் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் ஒரு பூச்சு.

ஓட்டம்

முதல் சோதனைக்கு, போனால் போகட்டும் என்ற கேசட். அப்பாவின் கையெழுத்தில் பாட்டு வரிசை எழுதிய டிடிகே 90-ஐ இப்போது போடாதீர்கள். 90 நிமிஷம் ஓடும் சி-90 டேப், 60 நிமிஷ சி-60-ஐ விட மெல்லியது, சிக்கினால் இஸ்திரி போட்டாலும் நேராகாது. கேசட் ஜன்னலில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அதைச் சுத்தம் செய்த செட்டில் போடவே கூடாது. ஹெட்டில் தொற்றி அடுத்த கேசட்டுக்கும் போகும்.

கேசட் போடாமல் பிளே அமுக்கி, டேப்பைச் சுற்றி எடுக்கும் சக்கரத்தை விரலால் லேசாகத் தடுத்துப் பாருங்கள். கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு நழுவ வேண்டும். தொட்டதுமே நின்றால் அந்தப் பக்கம் ரப்பர் உருளையோ ஃபெல்ட் வாஷரோ வழுக்குகிறது. கேப்ஸ்டன் தள்ளிவிட்ட டேப்பைச் சுற்ற ஆளில்லாமல் அது உள்ளே சேர்ந்துகொண்டே போகும். நாம் "கேசட்டைத் தின்னுடுச்சு" என்று சொல்லிப் பென்சிலை எடுத்த நேரமெல்லாம் நடந்தது இதுதான்.

மல்டிமீட்டரைப் பேட்டரியோடு தொடராகச் சேர்த்தால் இந்த வகைச் செட்டுகள் பாடும்போது 100 முதல் 150 மில்லியாம்பியர் இழுக்கும். 250-ஐத் தாண்டினால் எங்கோ இறுக்கம் இருக்கிறது. பெரும்பாலும் பெல்ட் குட்டை, அல்லது பேரிங் காய்ந்து கிடக்கிறது.

இத்தனையும் சரியான பிறகு, அரை மணி நேரம் ஓடி பெல்ட் பழகிய பிறகு, வேகத் திருகு. முதலிலேயே அதைத் திருகினால் வழுக்குகிற பெல்ட்டுக்கும் அழுக்குக் கப்பிக்கும் ஈடுகட்டித் திருகியதாகும், அவை சரியானதும் எல்லாம் தலைகீழ். போர்டில் 'ஸ்பீடு' என்று எழுதிய குட்டி டிரிம்மராகவோ, மோட்டாரின் முதுகில் உள்ள துளைக்குள்ளோ இருக்கும். இப்போதைய நிலையை மார்க்கரால் கோடு போட்டுக் குறியுங்கள். 3,000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த டெஸ்ட் டேப் இருந்தால் போனில் அதிர்வெண் காட்டும் ஆப் போதும்; 30 ஹெர்ட்ஸ் வித்தியாசம் ஒரு சதவீதம். டேப் இல்லாவிட்டால் கடையில் வாங்கிய ஒரிஜினல் கேசட் பாட்டை டிஜிட்டலில் அதே பதிவோடு ஒப்பிட்டு நேரம் பாருங்கள்: 5 நிமிஷப் பாட்டில் 3 நொடி வித்தியாசம் ஒரு சதவீதம். தெருமுனை ரெக்கார்டிங் சென்டரில் பதிந்த கேசட் இதற்கு உதவாது, அந்தக் கடையின் டெக் எந்த வேகத்தில் ஓடியதோ யாருக்குத் தெரியும். பிளாஸ்டிக் திருகுப்புளியால், நகக்கண் அளவுகூட வேண்டாம், மயிரிழை திருகி, பத்து நொடி பொறுத்துப் பார்க்க வேண்டும். ஒரு சதவீதத்துக்குள் வந்தால் கையை எடுத்துவிடலாம்.

ஒலி மட்டும் மோசம் என்றால்

வேகம் சரி, ஆனால் கரகரப்பு: வால்யூம் சக்கரத்தில் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, முப்பது தடவை முன்னும் பின்னும். ஒயரை ஆட்டினால் ஒரு காது வந்து போகிறது: ஹெட்போன் ஜாக்கின் காலில் சால்டர் விரிந்திருக்கிறது, மறுபடி சூடு காட்டினால் போதும். சத்தம் மங்கி, பாஸ் இல்லாமல் சூம்பியிருந்தால், அதுவும் எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகளின் முதல் பாதிச் செட் என்றால், போர்டில் ஒட்டிய குட்டி எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் கசிந்திருக்கும். சால்டர் சூடு பட்டதும் மீன் வாடை வருவது அடையாளம். அதே மைக்ரோஃபாரட் மதிப்பில், வோல்ட் குறையாமல் மாற்றுங்கள். டான்டலம் வகைக் கெப்பாசிட்டர் போடுவதானால் ஒன்று கவனிக்க வேண்டும்: எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ், டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் பாசிட்டிவ்.

இன்னொன்று பழுதே அல்ல. இசையெல்லாம் கேட்கிறது, பாடுகிறவர் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள். மைக் வைத்த மொபைல் ஹெட்போனைச் செருகியிருப்பீர்கள். அதன் செருகும் முனையில் நாலு உலோகப் பகுதி. பழைய ஜாக்கின் எர்த் முனை எர்த் பகுதிக்குப் பதில் மைக் பகுதியைத் தொடுகிறது. எர்த் அறுந்ததும் இரு காதுக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட, நடுவில் பதிந்த குரல்தான் முதலில் மறையும். மைக் பட்டனை அமுக்கிப் பிடித்தால் குரல் வரும், அதுவே சான்று. மைக் இல்லாத, மூன்று உலோகப் பகுதி மட்டும் உள்ள ஹெட்போன் போடுங்கள். பழைய ஹெட்போனின் ஸ்பாஞ்சு பொடியாக உதிர்ந்திருந்தால் 50 மில்லிமீட்டர் அளவில் ஆரஞ்சு நிறத்திலேயே புது ஸ்பாஞ்சு உறை கிடைக்கிறது.

மூடும்போது ஒவ்வொரு திருகையும் முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். 'டிக்' என்று பழைய மரையில் விழுந்ததும் வலப்பக்கம். பிளாஸ்டிக் மரையில் புது வழி வெட்டினால் அடுத்த தடவை பிடிக்காது. கேட்டு முடித்ததும் ஸ்டாப் அமுக்கி வைக்க வேண்டும். பேட்டரியை மட்டும் உருவிவிட்டு பிளே விழுந்தபடியே விட்டால், கேப்ஸ்டன் அழுத்திய இடத்தில் பிஞ்ச் ரோலரில் ஒரு குழி விழுந்து, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் குழி பாட்டில் கேட்கும்.